பழைய தேக்கு அலமாரிக்கு எந்த பாலீஷ்? மும்பை ஈரத்தில் ஸ்பிரிட், பி.யூ., மெலமைன் மூன்றும் எப்படி

பழைய பர்மா தேக்கு அலமாரியா, ஸ்பிரிட் பாலீஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) போடுங்கள். சாப்பாட்டு மேஜையின் மேல்பலகைக்கு மட்டும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன். பழைய மரத்துக்கு மெலமைன் (அமிலம் சேர்த்துக் காயவைக்கும் பூச்சு) வேண்டவே வேண்டாம். அவசரக்காரர்கள் இதோடு எழுந்து கடைக்குப் போகலாம். மாதம் ஜூலை என்றால் கடைக்கும் போக வேண்டாம். உட்கார்ந்து மீதியையும் படியுங்கள்.

மும்பையில் பாலீஷைக் கெடுப்பது பெரும்பாலும் டப்பா இல்லை, காலண்டர். வானிலைத் துறை 2020-இல் திருத்திய கணக்குப்படி இங்கே பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 11, விலகும் நாள் அக்டோபர் 8. நடுவில் இருக்கும் நான்கு மாதத்தில் ஸ்பிரிட் பாலீஷ் வெளுக்கும், டூ-பேக் பி.யூ. (இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது) கொப்பளிக்கும், ஒற்றை டப்பா பி.யூ. காயாமல் பிசுபிசுக்கும். தீபாவளி கழிந்து பிப்ரவரி முடிய உள்ள நாட்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. ஆகஸ்டில் ஒரு பாலீஷ்காரர் "ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன்" என்கிறார் என்றால், அந்த மாதம் அவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் நிற்கும் அலமாரிகளும் கண்ணாடி மேஜைகளும் பல பர்மா தேக்கு. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதே நிறம், அதே ரேகையில் மாற்றுப் பலகை தேடுவது சிரமம். ஆகவே ஒரு பாலீஷுக்கு மார்க் போடும்போது பளபளப்பை இரண்டாவதாக வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு கீறல் விழுந்தால், மரத்தைச் சுரண்டாமல் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு முறை முழுக்கத் தேய்த்து எடுக்கும்போதும் பலகை கொஞ்சம் மெலிகிறது, கடைசல் வேலைப்பாட்டின் விளிம்பு கொஞ்சம் மழுங்குகிறது. அது திரும்ப வராது.

இப்போது மேலே இருப்பது என்ன?

கதவின் கீழ் விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். அறுபது எண்ணிவிட்டு விரலால் தொடுங்கள். பிசுபிசுத்து, விரலில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்கு, அதாவது ஸ்பிரிட் பாலீஷ். ஒன்றும் ஆகவில்லையா, பக்கத்தில் ஒரு சொட்டு என்.சி. தின்னர் (லாக்கர் பூச்சைக் கரைக்கும் திரவம்). அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் அல்லது பி.யூ. தாத்தா காலத்துச் சாமானில், இடையில் யாரும் கை வைக்காமல் இருந்தால், முதல் சொட்டிலேயே விடை கிடைத்துவிடும்.

அரக்கு என்று தெரிந்தால் அவசரப்பட்டு உப்புத்தாளை எடுக்காதீர்கள். மேலே கருப்பாகத் தெரிவது பாதி அழுக்குதான்: வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து துடைத்த படிவு, அதில் ஒட்டிய தூசி. மினரல் டர்பன்டைனில் துணியை நனைத்து, துணி கருப்பாக வருவது நிற்கும் வரை துடையுங்கள். டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது. எண்ணெயையும் மெழுகையும் மட்டும் எடுக்கும். மறுநாள், பாதி ஸ்பிரிட் பாதி பாலீஷ் கலந்து, பஞ்சுத் துணியில் லேசாகத் தொட்டு ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். பழைய படலம் இளகிப் புதியதோடு சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான அலமாரிகளுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. பாலீஷ்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இது ஒரு நாள் வேலை.

சிலிக்கான் கலந்த ஃபர்னிச்சர் ஸ்பிரேயோ கார் பாலீஷோ போட்டுத் துடைத்த சாமான் என்றால் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சிலிக்கான் துளி இருந்தாலும் மேலே அடிக்கும் பி.யூ. அங்கங்கே விலகி, மீன் கண் போலக் குழிகுழியாக நிற்கும். டர்பன்டைன் துணியை நாலைந்து முறை புதிதாக மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அழுக்குத் துணியால் மறுபடி துடைத்தால் சிலிக்கானைப் பரப்புவதுதான் நடக்கும்.

பழைய எனாமல் பெயிண்ட் அடித்த சாமான் தனி ரகம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது. பெயிண்ட் ரிமூவர் வாங்கினால் டப்பாவின் பின்புறம் மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். அது உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் ரிமூவர்களில் 2019-இலேயே தடை செய்துவிட்டார்கள். பால்கனி இல்லாத ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் அதைத் திறக்கவே கூடாது.

பாலீஷுக்கு முன்

ஆடும் மூட்டுகளை முதலில் சரிசெய்யுங்கள். பழைய சாமான் வச்சிரத்தால் ஒட்டியது. மிருகத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. இந்தி பேசும் மிஸ்திரி சரேஸ் என்பார். ஆடும் மூட்டில் நேரே பெவிகால் விட்டு இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. காய்ந்த வச்சிரத்தின் மேல் பெவிகால் மரத்துக்குள் இறங்காது. ஆறே மாதத்தில் மறுபடி ஆடும். மூட்டைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் வச்சிரம் இளகிக் கூழாக வரும். உளி முனையால் சுரண்டி எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகு பெவிகால். கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றி நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாலே போதும். 24 மணி நேரம் தொடக் கூடாது.

வச்சிரம் வெந்நீருக்கு இளகும் என்பதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. சில பட்டறைகளில் சாமானை காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அரை மணியில் எல்லா பாலீஷும் போய்விடும். கூடவே மூட்டுகளில் உள்ள பசையும் போய்விடும், தேக்கு கருத்துவிடும், ரோமம் போல நார் எழும்பும். சாமானைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் "தொட்டியில் முக்குவீர்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அலமாரியைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

இரும்பு ஆணியைச் சுற்றிக் கருவளையம் இருந்தால் அது அழுக்கில்லை. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து, கறையில் மட்டும் தொட்டுத் தடவிக் காயவிடுங்கள். நச்சு; கையுறை கட்டாயம். காய்ந்ததும் ஈரத் துணியால் மூன்று முறை கழுவித் துடைத்த பிறகே உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தத் தூள் மூக்கைக் கிழித்துவிடும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கருக்கும் என்பதால்தான் இரும்புக் கம்பளியும் வேண்டாம் என்பது. அதன் துணுக்குகள் தேக்கின் துவாரத்தில் தங்கி, முதல் மழையில் கரும்புள்ளியாக எழும். கடைசல் இடுக்குகளைத் தேய்க்கத் தேங்காய் நாரே நல்லது, காசும் இல்லை.

மாவு போலத் தூள் கொட்டினால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி. தேக்கின் வைரப் பகுதியை அது அவ்வளவாகத் தொடாது. முதுகுப் பலகை, இழுப்பறையின் அடிப்பலகை என்று மலிவு மரம் போட்ட இடங்களில் பாருங்கள். ஊசி போடும் சிரிஞ்சால் மருந்தைத் துளைகளில் இறக்கி, ஒரு வாரம் விட்டுவிட்டுத்தான் பாலீஷ்.

உப்புத்தாள் 120, 180, 220. அதற்கு மேல் போனால் மரம் பளிங்கு போல ஆகி, பாலீஷ் பிடிக்கச் சிரமப்படும். மெஷின் சாண்டரில் 80 நம்பர் போட்டு ஆரம்பிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வட்ட வட்டமாக விழும் கீறல் அப்போது தெரியாது. பாலீஷ் ஏறி, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நாளில் தெரியும்.

ஸ்பிரிட் பாலீஷ்

கடையில் இது இரண்டு விதமாகக் கிடைக்கிறது: பாட்டிலில் கலந்தே வருவது, அரக்காக வாங்கி நாமே கலப்பது. பாட்டிலுக்குப் பத்துக்கு நாலு மார்க்தான். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்த நாளிலிருந்தே மெல்ல மாற ஆரம்பிக்கிறது. ஒரு வருடம் தாண்டினால் பூசியது முழுசாகக் காயாது, மழைக்காலத்தில் கை வைத்தால் ஒட்டும். பாட்டிலில் கலந்த தேதி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால், ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா? அந்த பாட்டிலை விட்டுவிடுங்கள்.

அரக்காக வாங்குவதே மேல். நம் நாட்டு அரக்கில் பெரும்பங்கு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள். குசும் மரத்தில் வளர்வது குஸ்மி, நிறம் வெளிறியது. புரச மரத்தில் வளர்வது ரங்கீனி, நிறம் சிவந்தது. பெரிய பெயிண்ட் கடைகளில் தானா என்று கேட்டால் சுத்தம் குறைந்த மணியரக்கு கொடுப்பார்கள், பொத்தான் என்றால் வட்ட வில்லை, சருகு என்றால் மெல்லிய செதில். பழைய தேக்குக்கு ஆரஞ்சு நிறச் சருகு சரியான தேர்வு. வில்லையும் நல்லதுதான், தட்டி உடைத்துத்தான் போட வேண்டும், கரையவும் கூடுதல் நேரம் எடுக்கும். தானா வாங்கினால் குச்சியும் பூச்சியும் வடிகட்டியே கை ஓய்ந்துவிடும்.

அளவு: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் சருகு. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, 24 மணி நேரத்தில் நாலைந்து முறை குலுக்கி, மஸ்லினில் வடிகட்டுங்கள். தகர டப்பாவில் கலக்கக் கூடாது. அரக்கின் அமிலம் இரும்போடு சேர்ந்து பாலீஷ் கருக்கும். ஆறடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள அலமாரிக்கு முகம் 24, இரண்டு பக்கம் 18, தலை 6, ஆக 48 சதுர அடி. வெளிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். ஸ்பிரிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி பாட்டில் ஸ்பிரிட்டைப் போன வருடத்திலிருந்து வைத்திருந்தால் அது பாலீஷுக்கு ஆகாது. ஸ்பிரிட் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மெத்தனால் கலந்திருக்கலாம். சமையலறை அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

தேக்கின் துவாரத்தை அடைக்க இங்கே சாக் பவுடரும் காவியும் கலந்து தேய்ப்பார்கள். தப்பில்லை, நிறம் மட்டும் மரத்தைவிட ஒரு சாயல் ஆழமாக இருக்கட்டும். வெறும் சாக் பவுடரை வைத்தால் அன்றைக்கு நன்றாக இருக்கும். ஒட்டுப்பசை வற்றியதும் ரேகை முழுக்க வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பழைய அலமாரியில் ஏற்கனவே அடைபட்ட துவாரத்தை மறுபடி அடைக்க அவசியமே இல்லை.

இனி கை வேலை. பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணிதான் இதற்கு உத்தமம், நூல் பிரியாது. எலுமிச்சை அளவு பஞ்சை அதில் வைத்துப் பொட்டலமாகக் கட்டி, அடிப்பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துப் பிடியுங்கள். பாலீஷை வெளியிலிருந்து முக்கி எடுக்கக் கூடாது. பொட்டலத்தைப் பிரித்துப் பஞ்சுக்குள் ஊற்ற வேண்டும். ஒரு காகிதத்தில் அழுத்திப் பார்த்தால் ஈரத் தடம் விழ வேண்டும், சொட்டக் கூடாது. முதல் கை, அதாவது முதல் பூச்சு, பாலீஷில் பாதிக்குப் பாதி ஸ்பிரிட் சேர்த்து, ரேகையோடு நேர்கோட்டில். காய்ந்ததும் 320-இல் ஒரு தடவல். அதன்பின் சிறு வட்டங்கள், எட்டு வடிவம், கடைசியில் நீள ஓட்டம். கை நகர்ந்த பின்னால், வாயால் ஊதிய கண்ணாடி போல ஒரு மங்கல் தோன்றி இரண்டு மூன்று நொடியில் மறைய வேண்டும். மங்கலே இல்லையென்றால் பஞ்சு வறண்டுவிட்டது. மறைய நேரம் எடுத்தால் ஈரம் அதிகம். அந்த நிலையில் தொடர்ந்தால் கீழே காய்ந்த படலம் கிளறி எழும். கை இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றினால் பொட்டலத்தின் அடியில் ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். நடுவில் எங்கும் கையை நிறுத்தாதீர்கள். நிறுத்திய இடத்தில் துணி அச்சு விழும். விமானம் இறங்கி ஏறுவது போல ஓரத்தில் தொட்டு ஓரத்தில் விட வேண்டும்.

ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஓட்டம், இரவு ஓய்வு, மறுநாள் மறுபடி. மூன்று நாளில் போதிய படலம் ஏறும். நாலாம் நாள் புதுப் பொட்டலத்தில் ஸ்பிரிட் மட்டும், தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவுக்கு, இரண்டு ஓட்டம். மேலே மிதக்கும் எண்ணெய் போய்விடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானே தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயவிட்டு, பிறகு எறியுங்கள். அலமாரியின் உள்ளே எண்ணெய் கூடவே கூடாது. காற்றில்லாத இடத்தில் அது சிக்கு வாடை பிடித்துப் பட்டுப்புடவை வரை ஏறும். உள்ளே வெறும் அரக்கு இரண்டு கை போதும்.

வெளுப்பு. மழைக்காலத்தில் எல்லாரும் கூப்பாடு போடுவது இதற்குத்தான். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் அதிகம் என்றால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொண்டு, பால் ஊற்றியது போல வெள்ளையாக நிற்கிறது. மேலே இன்னொரு கை பூசி மறைக்கப் பார்ப்பார்கள். உள்ளே பூட்டிவிடுவதுதான் மிச்சம். வெயில் அடிக்கும் நாள் வரை காத்திருந்து, ஸ்பிரிட் மட்டும் தொட்ட பொட்டலத்தால் மேலோட்டமாக ஓட்டினால் படலம் இளகி நீர் வெளியேறும். ஏ.சி. உள்ள அறை என்றால், கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு வேலை செய்யலாம். அறை வறண்டிருக்க வேண்டும், சாமான் சில்லென்று இருக்கக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொதிக்கும் ஃபில்டர் காபி ஊற்றிய டபராவை நேரே வைத்தால் வெள்ளை வளையம் நிச்சயம். சென்ட், சானிடைசர், எந்த ஆல்கஹால் பட்டாலும் கரையும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைக் கண்ணாடி மேஜையில் அடித்து, அது சட்டத்தில் வழிந்தாலும் பாலீஷ் மங்கும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. காபி வளையத்துக்கு, வாசனை சேர்க்காத விபூதியை இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்து, விரல் நுனியில் ரேகையோடு தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான வளையம் போய்விடும். போகாவிட்டால் ஸ்பிரிட் பொட்டலம். அலமாரி முழுவதையும் தொட வேண்டாம், அந்த ஒரு ஜாண் இடம் போதும். மற்ற இரண்டு பாலீஷிலும் இது நடக்காது. நான் பத்துக்கு எட்டு கொடுப்பது இதற்காகத்தான்.

பி.யூ.

ஒற்றை டப்பா பி.யூ. என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பவற்றில் ஏஷியன் பெயிண்ட்ஸின் டச்வுட் ஒன்று. சென்னையின் ஷீன்லாக், இத்தாலியக் கூட்டில் வரும் ஐ.சி.ஏ. பிடிலைட் ஆகியவையும் பல ரகங்களில் உண்டு. நல்ல பிராண்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, மரத்தைத் தயார் செய்வதில் இருக்கும் வித்தியாசம் பெரிது. சாப்பாட்டு மேஜைக்கு ரசமும் தண்ணீரும் தாங்க வேண்டும் என்பதால் இது. முதல் கையில் 15 சதவீதம் டர்பன்டைன் சேருங்கள், அடுத்த இரண்டு கை அப்படியே. நடுவில் 24 மணி நேரமும் 320 உப்புத்தாளும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) உள்ள சில பொருள்கள் இந்த வகை பி.யூ. காய்வதையே தடுக்கும். ஈட்டி மர நாற்காலி ஒரு வாரம் ஆகியும் ஒட்டுகிறது என்றால் டப்பா கெட்டதில்லை, மரத்தின் குணம் அது. நடுவில் ஒரு கை அரக்கு தடுப்பாக இருக்க வேண்டும். ஆனால் சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, அதன் மேல் பி.யூ. உரிந்துவிடும். மெழுகு நீக்கிய அரக்கு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், கலந்த பாலீஷை இன்னும் ஒரு மடங்கு ஸ்பிரிட்டில் நீர்த்து ஒரு வாரம் அசையாமல் வையுங்கள். மெழுகு கலங்கலாக அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுத்துக்கொள்ளலாம்.

மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கும் குறைந்தது இரண்டு கை அடியுங்கள். மேலே மட்டும் அடைத்துக் கீழே விட்டால், மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். மும்பையில் வளைந்த மேஜைகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

டூ-பேக் பி.யூ. இன்னும் கடினமானது, ஆனால் வீட்டுக்குள் ஸ்பிரே செய்யும் பொருள் இல்லை. அதன் ஹார்ட்னரில் (கலந்து இறுக வைக்கும் இரண்டாவது டப்பா) உள்ள ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கும். காற்றின் ஈரத்தோடு அது சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, படலம் முழுக்க ஊசி முனைக் கொப்புளம். ஹார்ட்னர் டப்பாவைத் திறந்து வைத்து அடுத்த மாதம் மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால், அது உள்ளேயே கலங்கிக் கெட்டியாகியிருக்கும்.

பி.யூ.வுக்கு மேஜையில் எட்டு, அலமாரியில் ஐந்து. கீறல் விழுந்தால் புதுக் கை பழையதோடு கலக்காது, ஓரம் கோடாகத் தெரியும். முழுப் பலகையையும் தேய்க்கத்தான் வேண்டும்.

மெலமைன்

புது பிளைவுட்டில் வெனீர் ஒட்டிய அலமாரிக்கு, பட்டறையில் ஸ்பிரே அடித்து எடுத்து வந்தால், நியாயமான பொருள். பழைய சாமானுக்கு இல்லை. பழைய அரக்கின் மேல் நேரே அடித்தால் சுருங்கித் தோல் போல எழும்; ஆகவே மரத்தை வெறுமையாக்கியாக வேண்டும், அதற்கு அந்த விலை கொடுக்க வேண்டுமா? அமிலம் சேர்த்துக் காயவைப்பது என்பதால் ஹார்ட்னர் கொஞ்சம் கூடினால் படலம் வெடிக்கும், குறைந்தால் மெத்தென்று நிற்கும். ஃபார்மால்டிஹைடு வாடை வாரக்கணக்கில் கண்ணைக் கரிக்கும். அடியில் சீலர் என்ற அடிப்பூச்சைக் கனமாக ஏற்றி மூன்று நாள் வேலையை ஒரு நாளில் முடிப்பவர்களும் உண்டு. அந்த அலமாரியில் சாவிக்கொத்து பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழும்.

ஆள் வைத்துச் செய்தால்

பாலீஷ்காரர் சதுர அடிக் கணக்கில் பேசினால், கதவின் உள்பக்கம் சேருமா என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 48 சதுர அடி, கதவு உட்புறம் சேர்ந்தால் 72 ஆகிவிடும். வேலை முடிந்தபின் இதில்தான் தகராறு. கூலிதான் பெரிய செலவு, சரக்கு சின்னது. ஆகவே அரக்கையும் ஸ்பிரிட்டையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, உங்கள் கண் முன்னால் கலக்கச் சொல்லுங்கள். "வால்நட் கலர் போட்டுத் தரேன்" என்றால் ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு, முதலில் இழுப்பறையின் பக்கப் பலகையில் ஒரு சாண் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜோகேஸ்வரி ஓஷிவாராவிலோ சோர் பஜாரின் மட்டன் தெருவிலோ பழைய சாமான் வாங்கும்போதும் பளபளக்கும் பாலீஷைப் பார்க்காதீர்கள். இழுப்பறையைக் கழற்றி அடியையும் மூட்டையும் பாருங்கள். பாலீஷ் போடாமல் கிடப்பதைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றி எடுத்துத்தான் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். கதவில் இருக்கும்போதே தேய்த்தால் புளிச்சாறு இறங்கித் திருகாணியைச் சுற்றிக் கருக்கும். பித்தளைத் திருகாணியைத் திரும்ப முடுக்கும்போது நுனியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள்; காய்ந்த தேக்கில் வறட்டுத்தனமாக முடுக்கினால் தலை முறிந்துவிடும். இழுப்பறை ஓடும் இடத்திலும் அதே மெழுகுவர்த்திதான், பாலீஷ் கூடாது.

அரக்கு அரை மணியில் கைக்குக் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே இறுக இரண்டு வாரம் ஆகும். அதுவரை அலமாரித் தலையில் பெட்டியும் வேண்டாம், விரிப்பும் வேண்டாம். விரிப்பின் நெசவு அப்படியே பதிந்துவிடும்.